டிஸ்னி ஸ்பிரிங்ஸ் ஏரியில் நிற்கும் படகு உணவகத்தில் அடுத்து கை வைக்கப் போகிறவர்களுக்கு

ஃபுளோரிடாவில், வால்ட் டிஸ்னி வேர்ல்டின் கடைவீதிக் கரையோரம் ஏரிக்குள் நிற்கும் படகு உணவகத்தின் உரிமையாளர்களே, அதை நடத்துகிறவர்களே, அடுத்த சீரமைப்புக்கு வரைபடம் போடப்போகும் கட்டடக் கலைஞர்களே, ஒப்பந்தக்காரர்களே, வணக்கம்.

மிசிசிப்பி ஆற்றின் துடுப்புச் சக்கர நீராவிப் படகைப்போலக் கட்டப்பட்ட அந்தப் படகு 1977 மே மாதம் வால்ட் டிஸ்னியின் மனைவி லில்லியன் பெயரால் ‘எம்ப்ரஸ் லில்லி’ என்று திறக்கப்பட்டது. 1995 ஏப்ரலில் மூடப்பட்டு, 1996 மார்ச்சில் ‘ஃபுல்டன்ஸ் கிராப் ஹவுஸ்’ ஆனது. 2016இல் மறுபடி மூடப்பட்டு, 2017 பிப்ரவரியில் ‘பேடில்ஃபிஷ்’ என்ற பெயரில் திறந்தது. ஏறக்குறைய 20 ஆண்டுக்கு ஒரு பெரிய வேலை. அடுத்ததைப் பற்றிய பேச்சு தொடங்குவதற்கு முன்பே இதை எழுதுகிறோம். பேச்சு தொடங்கிவிட்டால் நாற்காலித் துணியின் நிறம் முதலில் முடிவாகும். தண்ணீருக்கடியில் செலவழிக்கப் பணம் மிஞ்சாது. தமிழில் எழுதக் காரணம், இதுபோன்ற படகு உணவகங்களுக்கு வரைபடம் போடுகிற, சமையலறை அமைக்கிற தமிழர்களும் படித்துப் பயன்படுத்தட்டும் என்பதே.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பணத்தின் முதல் பங்கைத் தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிக்கும், துடுப்புச் சக்கரத்துக்கும், மேல்தளங்களின் நீர்க்காப்புக்கும் ஒதுக்குங்கள். சாப்பாட்டுக் கூடத்தின் அலங்காரத்தை மிச்சப் பணத்தில் செய்யுங்கள். 1990களில் அந்தப் படகின் சக்கரமும் புகைபோக்கிகளும் சிதைந்து அகற்றப்பட்டன. சுமார் 20 ஆண்டுகள் அது சக்கரமில்லாத படகாக நின்றது. 2017 சீரமைப்பில்தான் சக்கரம் திரும்பி வந்தது. படகைப் படகாகக் காட்டும் உறுப்புகள்தான் முதலில் அழுகுகின்றன. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுபவையும் அவையே. அது இன்னொரு முறை நடக்கக் கூடாது.

அது மிதக்கும் படகு அல்ல. ஏரியடியில் கான்கிரீட் அடித்தளத்தின்மேல் நிற்கும் கட்டடம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒப்பந்தம் எழுதும்போது மறந்துபோகிறது. உண்மையான படகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறைக்குப் போகும். அடிப்பாகத்தைச் சுரண்டி, சுத்தியலால் தட்டிப் பார்த்து, பூச்சு அடித்து அனுப்புவார்கள். இதற்கு உலர்துறை கிடையாது. கரையில் நிற்கும் கட்டடத்துக்கு அஸ்திவாரம் மண்ணுக்குள் அசையாமல் கிடக்கும். அந்த நிம்மதியும் இதற்கு இல்லை.

ஆகவே முதல் வேலை முக்குளிப்போருடையது. உணவகம் நடந்துகொண்டிருக்கும்போதே, மூடுவதற்கு ஓராண்டு முன்னால் இதைச் செய்துவிடலாம். துறைமுகப் பொறியாளர்கள் கையாளும் மூன்றடுக்கு முறையே போதும். தண்ணீருக்கடியில் தெரியும் பரப்பு முழுவதையும் கண்ணாலும் கையாலும் ஆராய்வது முதல் அடுக்கு. அதில் சுமார் 10 சதவீத இடங்களில் பாசியையும் சேற்றையும் வழித்துவிட்டுக் கான்கிரீட்டின் தோலைப் பார்ப்பது இரண்டாவது. 5 சதவீத இடங்களில் கருவி வைத்து அளப்பதும் கான்கிரீட்டில் உருளைத் துண்டு (கோர்) அறுத்தெடுத்துச் சோதிப்பதும் மூன்றாவது. இந்தச் சோதனையை 5 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

அதிகம் பார்க்க வேண்டிய இடம் ஏரியின் அடியில் இல்லை. நீர்மட்டத்துக்கு 2 அடி மேலும் 2 அடி கீழுமாக ஓடும் அந்தப் பட்டைதான் ஆபத்தான இடம். எப்போதும் மூழ்கிக் கிடக்கும் கான்கிரீட்டுக்குள் ஆக்சிஜன் அதிகம் போகாது. கம்பி மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். நனைந்தும் காய்ந்தும் மாறிமாறி இருக்கும் பட்டையில் தண்ணீரும் காற்றும் இரண்டுமே கிடைக்கின்றன. கம்பி துருவாக மாறும்போது பருமன் பலமடங்கு கூடும். அது உள்ளிருந்து கான்கிரீட்டை நெம்பிப் பிளக்கும். வெளியே மயிரிழை வெடிப்பு தெரியும்போது உள்ளே வேலை பாதி முடிந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் பொள்ளலான ஒலி வரும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். பிறகு செம்பு மின்முனை வைத்து மின்னழுத்தம் பாருங்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாக இருந்தால் அந்த இடத்தில் கம்பி அரித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு.

ஒட்டுப்போடும்போது நடக்கும் தவறும் ஒரே மாதிரிதான். பொள்ளலான கான்கிரீட்டை மட்டும் கொத்திவிட்டு, கம்பியின் முன்பக்கத்தைத் துடைத்துப் பூசிவிடுவார்கள். கம்பியின் பின்பக்கத்திலும் முக்கால் அங்குலம் இடைவெளி தெரியும்படி கொத்த வேண்டும். ஓரங்களை ரம்பத்தால் நேராக அறுக்க வேண்டும். கம்பியின் குறுக்குவெட்டில் 25 சதவீதத்துக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அதோடு ஒட்டின் விளிம்பில் கம்பிக்குப் பதிலாகத் தாம் அரிபடும் துத்தநாகக் கட்டிகளை (ஆனோடு) கட்டுங்கள். இல்லாவிட்டால் புதுக் கான்கிரீட்டை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கும்; சில ஆண்டுகளில் ஒட்டைச் சுற்றி வட்டமாகப் புது வெடிப்பு கிளம்பும்.

இன்னொரு எச்சரிக்கை. தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அடிப்பகுதியில் எங்காவது வெற்றிடம் இருந்தால், உட்புறத்தை மொத்தமாக இடித்து வெளியேற்றும் முன் மிதப்புக் கணக்கைப் போடுங்கள். 1 அடி ஆழத் தண்ணீர் ஒவ்வொரு சதுர அடியையும் 62.4 பவுண்டு விசையோடு மேலே தள்ளும். 4 அடி என்றால் 250 பவுண்டு. சமையலறை, சுவர், தரைப்பூச்சு, தளவாடம் எல்லாம் இருக்கும்வரை எடை அதை அமுக்கிவைக்கும். எல்லாவற்றையும் வாரி வெளியே கொட்டிய பிறகு எடை போதாமல் போகலாம். தகட்டுத் தடுப்புச் சுவர் அடித்துச் சுற்றியுள்ள தண்ணீரை இறைப்பதாக இருந்தாலும் இதே கணக்குத்தான்: மேலே தண்ணீர் வற்றினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் தளத்தின் அடியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும்.

இடிக்கும் முன் மாதிரி எடுக்க வேண்டியவை மூன்று. அமெரிக்காவில் வீடுகளுக்கான பெயின்ட்டில் ஈயம் தடை செய்யப்பட்டது 1978இல். இந்தக் கட்டடம் 1977. இரண்டு பெரிய சீரமைப்புகளில் பழைய பூச்சு நிறைய போயிருக்கலாம், ஆனாலும் அடியில் ஒரு படலம் எங்கே மிச்சமிருக்கிறது என்பதைச் சோதனைதான் சொல்லும். ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு, கட்டடத்தின் வயது எதுவானாலும் கட்டாயம். 260 அடி நீளக் குழாய் உறையையோ 160 சதுர அடிப் பரப்பையோ தொடும் அளவுக்கு ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால், 10 வேலைநாட்களுக்கு முன்பே அரசுக்கு அறிவிக்க வேண்டும். மூன்றாவது, ஜன்னல் விளிம்புகளில் அடைத்த பழைய பசை. 1979க்கு முந்திய பசையில் பி.சி.பி. என்ற நச்சு இருக்கலாம். கரைக் கட்டடத்தில் சுரண்டிய பெயின்ட் தார்ப்பாயில் விழும். இங்கே ஏரியில் விழும். சாரத்தை அடிமுதல் மூடி, உறிஞ்சும் கருவியோடு சுரண்டுங்கள். தண்ணீரில் கலங்கல் தடுப்புத் திரை கட்டாமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

இனி சக்கரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மிசிசிப்பி நீராவிப் படகுகளில் சக்கரத்தின் துடுப்புப் பலகைகள் மரத்தால் ஆனதற்குக் காரணம் உண்டு. மிதந்துவரும் கட்டையில் மோதினால் பலகை மட்டும் உடையும். அச்சும் ஆரமும் தப்பிக்கும். படகிலேயே உபரிப் பலகை இருக்கும், மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பலகை என்பது தேய்ந்து மாற்றப்பட வேண்டிய உறுப்பு என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. உணவகச் சக்கரத்தை வடிவமைப்பவர்கள் அதைச் சிலையைப்போல ஒருமுறை செய்து நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மரப் பலகை அழுகுவது முதலில் இரண்டு இடங்களில்: அறுத்த முனையிலும் போல்ட் துளையிலும். மரத்தின் நார்க்குழாய்கள் அங்கே திறந்து கிடக்கின்றன. தண்ணீரை உறிஞ்சும், ஃபுளோரிடா வெயிலில் வெடிக்கும், வெடிப்பில் பூஞ்சை இறங்கும். முனைகளை எப்பாக்ஸியால் இருமுறை அடையுங்கள். துளையைத் தேவையான அளவைவிடக் கால் அங்குலம் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸி நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவே சரியான துளை போடுங்கள். இன்னும் நல்லது, பலகையைத் துளைக்கவே துளைக்காமல் யு வடிவ போல்ட்டால் ஆரத்தோடு கவ்வுவது. போல்ட்டெல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆரம் அலுமினியம் என்றால் நடுவில் நைலான் வளையம் கட்டாயம். இரண்டு உலோகமும் ஈரத்தில் நேராகத் தொட்டால் அலுமினியம் மாவாக உதிரும்.

மரமா, ஃபைபர் பலகையா? தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் இயக்கத்தில் வேறுபாடு உண்டு. 14 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள வெள்ளை ஓக் பலகை காய்ந்த நிலையில் சுமார் 82 பவுண்டு. நன்றாக ஊறினால் 108 பவுண்டு வரை போகும். சக்கரத்தை இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் அடியில் இருக்கும் மூன்று பலகைகள் ஊறும், மேலே இருப்பவை காயும். பிறகு சுவிட்சைப் போட்டால் மோட்டார் நிற்காது. ஆனால் கனத்த பக்கம் ஏறும்போது மோட்டார் இழுக்கும், இறங்கும்போது சக்கரம் மோட்டாரைத் தள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் கியர் பற்கள் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் இடிபடும். ‘டொக், டொக்’ என்ற அந்தச் சத்தம் கேட்டால் பேரிங்கை மாற்றுவதற்கு முன் சக்கரத்தின் எடைச் சமநிலையைப் பாருங்கள். ஃபைபர் பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் பரிந்துரை: தண்ணீரைத் தொடும் பலகைகள் ஃபைபர், கண்ணுக்கு அருகில் வரும் சட்டங்களும், எஞ்சினைச் சக்கரத்தோடு இணைக்கும் பிட்மன் தண்டுகளும் மரம்.

வேகம் நிமிடத்துக்கு 4 சுற்றுக்கு மேல் வேண்டாம். 20 அடி விட்டமுள்ள சக்கரத்தில் விளிம்பு அப்போதே நிமிடத்துக்கு 250 அடி நகரும்; மனிதன் நடக்கும் வேகம் அது, பார்க்க மிடுக்காக இருக்கும். பலகை தண்ணீரில் 4 முதல் 6 அங்குலம் முங்கினால் போதும். அதற்குமேல் போனால் தண்ணீரை அள்ளித் தூக்கும், மோட்டாருக்குச் சுமை கூடும், சாரல் மேசைமேல் அடிக்கும். சாரலை அழகு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கோடையில் ஏரித் தண்ணீர், நுரையீரல் நோய் தரும் லெஜியனெல்லா பாக்டீரியா வளர ஏற்ற 77 முதல் 113 டிகிரி ஃபாரன்ஹீட் வரம்புக்குள்தான் இருக்கும். நுண்துளியாகக் காற்றில் கலந்தால் மூச்சோடு உள்ளே போகும். நீரூற்றுகளுக்குச் செய்யும் நீர்நிர்வாகத் திட்டத்தில் இந்தச் சக்கரத்தையும் சேருங்கள். அதைச் சுற்றியுள்ள தளத்தில் சாரல் எட்டும் தூரத்துக்கு மேசை போடாதீர்கள்.

மோட்டாருக்கு வேகக் கட்டுப்படுத்தியும், கட்டை சிக்கினால் நழுவிவிடும் டார்க் லிமிட்டரும் வேண்டும். மோட்டாரும் மின் இணைப்புப் பெட்டிகளும் வழக்கமான உச்ச நீர்மட்டத்துக்கு 2 அடி மேலே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மின்விதி. கசிவு மின்சாரம் ஏரிக்குள் இறங்கினால் அருகில் தண்ணீரில் வேலைசெய்யும் முக்குளிப்பவர் கைகால் மரத்து மூழ்கிப்போவார். அதற்காகத்தான் அந்த விதி. பலகை மாற்றுபவர் சக்கரத்துக்குள் ஏறும்முன் மோட்டாரின் மின்சாரத்தைப் பூட்டுவது மட்டும் போதாது. கனத்த பக்கம் தானாகவே கீழிறங்கும். அச்சைத் தடுக்கும் இரும்பு முளை ஒன்றை வடிவமைப்பிலேயே வையுங்கள். புயலுக்கும் அதே முளை பயன்படும்.

புகைபோக்கிகள் வைப்பதென்றால், பெருங்காற்றுக்குக் கணக்குப் போட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். உயரமான உருளையைத் தாண்டிப் போகும் காற்று, இருபுறமும் மாறிமாறிச் சுழல்களை உதிர்க்கும். 3 அடி விட்டம், நொடிக்கு 2 அதிர்வு இயல்பாக உள்ள புகைபோக்கியை, மணிக்கு வெறும் 20 மைல் வேகத் தென்றலே அதன் தாளத்துக்குப் பிடித்து ஆட்டிவிடும். மாலைக் காற்றில் தினம் ஆடி, அடிப்பட்டையின் வெல்டிங்கில் களைப்பு வெடிப்பு விழும். புயல் வரும்போது ஏற்கெனவே பாதி அறுந்திருக்கும். இதற்கு மருந்து பழைய படகுகளிலேயே இருந்தது: இரண்டு புகைபோக்கிகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டமும், தளத்துக்கு இழுத்துக்கட்டிய கம்பிகளும். இன்று அலங்காரம் என்று நினைத்து விடப்படும் அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மத்திய ஃபுளோரிடா அமெரிக்காவிலேயே மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று என்பதால், புகைபோக்கியின் தலையிலிருந்து இடிதாங்கிக் கம்பி தண்ணீருக்கடியில் உள்ள நிலத்தொடுப்பு வரை தடையின்றி ஓட வேண்டும்.

சமையலறைப் புகையையும் அந்தப் புகைபோக்கி வழியாகவே விடலாமே என்ற யோசனை எப்படியும் எழும். நல்ல யோசனைதான், ஆனால் நிபந்தனைகள் உண்டு. எண்ணெய்ப்பசைப் புகை செல்லும் குழாய் (டக்ட்) 16 கேஜ் தடிமன் இரும்பாகவோ 18 கேஜ் ஸ்டெயின்லெஸ்ஸாகவோ, ஒழுகாத முழு வெல்டிங்கோடு இருக்க வேண்டும். எரியக்கூடிய எதிலிருந்தும் 18 அங்குலம் விலகியிருக்க வேண்டும். ஃபைபர் புகைபோக்கி என்றால் அதுவும் எரியக்கூடியதுதான். வாய் கூரைக்கு 40 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். விசிறி கீல்வைத்துச் சாய்க்கும்படி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுத்தம் செய்பவர் உள்ளே எட்ட மாட்டார். விதி சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேல்தளத்தில் மது பரிமாறும் இருக்கைகள் உண்டு. மாலைக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்காமல் வாயை வைத்தால் வெள்ளைக் கைப்பிடிகளில் மஞ்சள் பிசுக்கு படியும்.

மேல்தளம் என்றதும் சுமை நினைவுக்கு வர வேண்டும். வெறும் கூரைக்குப் பொதுவாகச் சதுர அடிக்கு 20 பவுண்டு நடமாட்டச் சுமைதான் கணக்கு. மக்கள் கூடும் தளத்துக்கு 100 பவுண்டு. புதிதாக இருக்கை போடும் ஒவ்வொரு மூலையும் எந்தக் கணக்கில் கட்டப்பட்டது என்பதை வரைபடத்தில் உறுதிசெய்யுங்கள். 1 அடி ஆழ ஈரமண் நிரப்பிய பூத்தொட்டி மட்டுமே சதுர அடிக்கு 100 பவுண்டைத் தின்றுவிடும்.

தளத்தின் நீர்க்காப்பு ஒழுகுவது அநேகமாக நடுத்தளத்தில் அல்ல. கைப்பிடிக் கம்பம், தண்ணீர் புகாமல் தடுக்கும் படலத்தை (மெம்பிரேன்) துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில். படகு உணவகத்தில் அப்படி நூறு கம்பம் இருக்கும், நூறு ஓட்டை. கம்பங்களைத் தளத்தின் விளிம்புப் பட்டையில் பக்கவாட்டாகப் பொருத்துங்கள், மெம்பிரேனைத் தொடவே வேண்டாம். சரிவு அடிக்குக் கால் அங்குலம். ஓடு பதிக்கும்முன் வடிகாலை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணிநேரம் விடுங்கள். கீழ்க்கூரையைத் திறந்துவைத்துப் பாருங்கள். பழைய படகுகளின் கைப்பிடி தாழ்வாக இருக்கும். இன்றைய விதிப்படி 42 அங்குலம் வேண்டும், 4 அங்குலப் பந்து இடையே நுழையக் கூடாது. பழைய உயரத்தில் மரச் சித்திர வேலையை வைத்து, அதற்குமேல் மெல்லிய கம்பி ஒன்றை ஓடவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது. சித்திர வேலைக்கு பி.வி.சி. பலகை நல்ல தேர்வு, அழுகாது. ஆனால் 18 அடிப் பலகை, 60 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் மாறினால் ஏறக்குறைய 0.4 அங்குலம் நீளும். மரத்தைப்போல நெருக்கி அடித்தால் வெயிலில் வளைந்து நிற்கும்.

சமையலறைக் காற்றைப் பற்றி உள்ளலங்காரக் கூட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தைக் கெடுப்பது அதுதான். கேஸ் கிரில்லும் பொரிசட்டியும் உள்ள வரிசைக்கு, அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் சுவரோர ஹூட்டின் நீளத்தில் அடிக்கு நிமிடம் 400 கன அடி இழுக்க வேண்டும் என்று வைத்தால், 12 அடி ஹூட் 4,800 கன அடி இழுக்கும். அந்த அளவு காற்றை வெளியிலிருந்து பதப்படுத்தி உள்ளே கொடுக்க வேண்டும். 1,000 கன அடி குறைவாகக் கொடுத்தால் மிச்சத்தைக் கட்டடம் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, அலங்காரச் சுவரின் பின்புறம் என்று கிடைத்த வழியெல்லாம் உறிஞ்சும். ஆகஸ்டில் அந்த 1,000 கன அடியோடு, உள்காற்றில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக மணிக்குச் சுமார் 5 காலன் தண்ணீர் ஆவியாக உள்ளே வரும். குளிர்ந்த டக்ட்டிலும் சுவரின் உட்புறத்திலும் அது வியர்க்கும். மூன்றாவது மாதம் பூஞ்சை வாசனை அடிக்கும். ஏரிமேல் நிற்கும் கட்டடத்துக்கு நான்கு பக்கமும் ஈரம் என்பதால் கரை உணவகத்தைவிட இங்கே விரைவில் தெரியும். சாப்பாட்டுக் கூடம் வெளியைவிடச் சற்றே அதிக அழுத்தத்திலும், சமையலறை கூடத்தைவிடச் சற்றே குறைந்த அழுத்தத்திலும் இருக்க வேண்டும்.

கழிவுநீர் கரையேற வேண்டும். சரிவு கிடைக்காத இடத்தில் பம்ப்தான் வழி. பம்ப் இரண்டு, மாறிமாறி ஓட வேண்டும். கழிவுநீர் மட்டம் உயர்ந்தால் ஒலிக்கும் மணியும் ஜெனரேட்டர் இணைப்பும் வேண்டும். எண்ணெயைப் பிரித்துத் தேக்கும் தொட்டியை (கிரீஸ் ட்ராப்) பம்புக்கு முன்னால் வையுங்கள், பின்னால் அல்ல. பம்பில் அடிபட்ட எண்ணெய் தண்ணீரோடு நுரைத்துக் கலந்துவிடும், பிறகு பிரியாது. எண்ணெயும் கசடும் ஆழத்தில் 25 சதவீதத்தைத் தொட்டதும் அள்ள வேண்டும். கரைக்கும் கட்டடத்துக்கும் இடையே குழாய்களுக்கு வளையும் இணைப்பு கொடுங்கள். இரண்டும் ஒரே அளவில் அமராது.

லிஃப்ட்டின் குழி ஏரி மட்டத்துக்குக் கீழே போகும் என்பதால் ஹைட்ராலிக் வகை வேண்டாம். எண்ணெய் கசிந்தால் போகுமிடம் ஏரி. அழகான ஒற்றைப் பலகைப் பாலம் வழியாக நுழைவது படகின் மனநிலையைத் தரும், விட்டுவிடாதீர்கள். ஆனால் வெளியேறும் வழிகளும் அதே பாலத்தில் வந்து சேரக் கூடாது. மேசை நாற்காலி போட்ட இடத்தில் 15 சதுர அடிக்கு ஒருவர் என்பது கணக்கு. 9,000 சதுர அடி என்றால் 600 பேர். 500ஐத் தாண்டினால் மூன்று வெளியேறும் வழிகள். 300 பேருக்கு மேல் கூடும் இடம் என்பதால் புயற்காற்றுக் கணக்கிலும் ஒரு படி கடுமையான பிரிவில் வரும்.

காலம் பற்றிக் கடைசியாக. 1995இலும் 2016இலும் ஏப்ரல் வாக்கில் மூடி, ஏறக்குறைய 10, 11 மாதம் கழித்துத் திறந்தார்கள். அதாவது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையிலான புயல் பருவம் முழுவதும் கட்டடம் திறந்த உடம்போடு நின்றிருக்கும். 2004 ஆகஸ்டில் சார்லி புயல் ஆர்லாண்டோ வழியாகவே போனது. 2022இல் இயன் புயல் கொட்டிய மழையை அந்தப் பகுதி மறக்காது. ஜனவரி முதல் வாரத்தில் மூடுங்கள். ஏரி வேலையையும் கான்கிரீட் வேலையையும் மழையில்லாத மாதங்களில் முடித்து, மே 31க்குள் கூரை, தளம், ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். உள்வேலையை மழைக்காலத்தில் செய்யலாம். மார்ச் விடுமுறைக் கூட்டத்தின் வருமானம் போகும் என்று கணக்கர் சொல்வார். திறந்த கூரையோடு ஒரு புயலைச் சந்தித்தால் ஆகும் செலவையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். சக்கரம், ஹூட், லிஃப்ட், மின்பலகை ஆகியவை வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். அவற்றுக்கான ஆர்டர் முந்தைய ஆண்டே போயிருக்க வேண்டும்.

பெயின்ட் வேலையில் பணம் மிஞ்சினால், நீராவிப் படகின் முதுகெலும்பான ஹாக் செயின் கம்பிகளை, முன்னிருந்து பின்வரை தூண்களின்மேல் இழுத்துக்கட்டிய அந்த இரும்புக் கம்பிகளை, சரியாகக் காட்டுங்கள். தட்டையான நீளமான படகின் முன்னும் பின்னும் தொங்கிப்போகாமல் தாங்கியவை அவை. மிசிசிப்பியில் வாழும் துடுப்பு மூக்கு மீனின் பெயரைப் பலகையில் எழுதியிருக்கும் உணவகத்துக்கு, அந்த ஆற்றின் படகு எப்படி நின்றது என்பதைக் காட்டும் கடமையும் உண்டு என்று நினைக்கிறோம்.

வேலையை ஒப்படைக்கும் நாளில் இரண்டு சோதனைகளை எங்கள் பொருட்டுச் செய்யுங்கள். எல்லா ஹூட்டையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, கதவுகளை மூடி, வாசல் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே அழுத்தம் 0.1 அங்குல நீர் அளவு குறைந்தாலே 21 சதுர அடிக் கதவை 11 பவுண்டு விசை இழுத்துப் பிடிக்கும். ஒரு குழந்தை அதைத் திறக்கத் திணறும். அடுத்து, சக்கரத்தை நிறுத்தி, எந்தப் பலகை அடியில் நிற்கிறது என்று எண் எழுதி வையுங்கள். தினமும் காலையில் திறக்கும்முன் கால் சுற்று திருப்பி, நிற்கும் பலகையின் எண்ணைப் பதிவேட்டில் குறிக்க ஒரு பராமரிப்பாளரைப் பெயர்சொல்லி நியமியுங்கள். எண் நான்கு நாள் மாறாமல் இருந்தால் அது மேலாளரின் மேசைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
நீர்மேல் கட்டடங்களிலும் உணவகச் சமையலறைகளிலும் வேலைசெய்யும் சில தமிழ்ப் பொறியாளர்கள்